காத்து எந்தப் பக்கம்?

2024 அக்டோபரில் என்னுடைய சிறுகதை ஒன்று இணைய இதழில் வந்தது. மூன்று மீனவர்கள் புயலில் மாட்டிக்கொள்கிறார்கள், ஒருவன் திரும்பவில்லை. அவ்வளவுதான் கதை. நான் திண்டிவனத்துக்காரன். கடல் எங்களுக்கு 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒன்று. ஆனாலும் கதைக்கு நல்ல பேர் கிடைத்தது. 'கடலே ஒரு பாத்திரமாகிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நாள் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவனுக்கு மரக்காணம் பக்கத்துக் குப்பம். அவனுக்கும் அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டான்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா காத்து எந்தப் பக்கம்?"

"எந்தக் காத்து?"

"உன் கதையில அடிக்குதே, அதான். வாடையா, கொண்டலா? கரைக்குத் தள்ளுதா, உள்ள தள்ளுதா? அது தெரியாம அவனுங்க எந்தப் பக்கம் படகத் திருப்புவானுங்க?"

கதையைத் திறந்து பார்த்தேன். 'காற்று ஊளையிட்டது' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். எங்கிருந்து எங்கே என்று ஒரு இடத்திலும் இல்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில புத்தகங்களைத் திரும்பப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. கடலைப் பற்றி எழுதுவது வேறு, கடலிலிருந்து எழுதுவது வேறு என்பது எல்லோரும் சொல்வதுதான். அந்த வித்தியாசம் பிரதிக்குள்ளே சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க விரும்பினேன்.

*

அடுத்த மாதமே ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது என்று சொன்னார்கள். ஆனால் அது கடந்து போகவில்லை, அங்கேயே நின்றது. அதற்கு முந்தின நாட்களிலும் அப்படித்தான்: புயலாகுமா, ஆகாதா, வலுவிழந்து வருமா என்று கணிப்பு மாறிக்கொண்டே இருந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வெள்ளம் வந்து விழுப்புரம் பக்கம் ரோடும் ரயிலும் நின்றன.

கரண்ட் வந்தபிறகு நண்பனைக் கூப்பிட்டு, "ராத்திரி எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். எழுத்தாளனுக்குரிய ஆர்வத்தோடுதான் கேட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் சொன்னான்:

"ராத்திரியா? புயல்னா உங்களுக்கு ஒரு ராத்திரி. எங்களுக்குப் பத்து நாள். எச்சரிக்கை வந்ததுலருந்து யாரும் தொழிலுக்குப் போகல. போட்ட மேல ஏத்திக் கட்டிட்டு வானத்தையும் போனையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். வீட்ல அரிசி இருக்குதான்னு நீ கேக்கல பாரு."

என் கதையில் புயல் இருந்தது. அந்தப் பத்து நாள் இல்லை.

*

அந்த மார்கழியில் 'ஒடிசி'யைப் படித்தேன். நான் வேலை பார்ப்பது விழுப்புரத்தில். காலையில் திண்டிவனத்திலிருந்து ஏறி சாயங்காலம் திரும்பும் ரயிலில்தான் என் வாசிப்பு எல்லாம். ஒடிசியைப் பிடித்ததற்குக் காரணம் எர்னல் பிராட்ஃபோர்ட் 1963இல் எழுதிய 'யுலிசஸ் ஃபவுண்ட்' என்ற புத்தகம். பிராட்ஃபோர்ட் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர். போருக்குப் பிறகு மத்தியதரைக் கடலில் சொந்தப் பாய்ப்படகில் வருஷக்கணக்காகச் சுற்றினார். ஹோமரின் நாயகன் போன வழியைப் பாய்ப்படகுக்காரனின் கண்ணால் தேடினார். அவருக்கு முன்பே, 1912இல், விக்தோர் பெரார் என்ற பிரெஞ்சு அறிஞர் பொவாசோனா என்ற புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு அதே தேடலில் கடலில் போயிருக்கிறார். ஒரு காவியத்தை வாசிக்கப் படகு எடுத்துக்கொண்டு போவது! நம் ஊரில் உரையாசிரியர்கள் உண்டு, பதிப்பாசிரியர்கள் உண்டு, இப்படி ஒரு வகை வாசகரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

ஹோமர் சொல்லும் எந்தத் தீவு இன்றைய எந்தத் தீவு என்ற சண்டை என்றைக்கும் முடியாது. எனக்கு அது பெரிதாகவும் படவில்லை. பிராட்ஃபோர்டிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. அரக்கர்களையும் மாயக்காரிகளையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, காற்று என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே படிக்கலாம். அப்படிப் படித்தால் ஒடிசி வேறு புத்தகம்.

காற்றுகளின் காவலன் அயோலஸ் எதிர்க்காற்று எல்லாவற்றையும் தோல்பைக்குள் கட்டிக் கொடுத்துவிட்டு மேற்குக் காற்றை மட்டும் வெளியே விடுகிறான். ஒன்பது நாள் ஓட்டம். பத்தாம் நாள் சொந்த ஊர் தெரிகிறது, கரையில் நெருப்பு மூட்டுகிறவர்கள்கூடக் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அந்த நேரத்தில் நாயகன் தூங்கிவிடுகிறான். ஏன்? ஒன்பது நாளும் பாய்க்கயிற்றை யாரிடமும் கொடுக்காமல் தானே பிடித்திருந்தான். கூட வந்தவர்கள் பையில் பொன் இருக்கும் என்று அவிழ்க்கிறார்கள். நீதிக்கதையாகப் படித்தால் பேராசை. படகில் உட்கார்ந்து படித்தால், ஒன்பது நாள் தூங்காதவனின் கை.

இன்னொரு இடம் சூரியனின் மாடுகள் மேயும் திரினாக்கியா தீவு. ஒரு ராத்திரி தங்கிப் போகலாம் என்று இறங்குகிறார்கள். தென்காற்று பிடித்துக்கொள்கிறது. ஒரு மாதம் முழுக்கத் தெற்கும் கிழக்கும்தான் அடிக்கிறது. வீட்டுக்குப் போகும் திசையில் பாய் விரிக்க வழியில்லை. கொண்டுவந்த மாவும் மதுவும் தீருகின்றன. தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறார்கள், பறவை பிடிக்கிறார்கள். ஹோமரின் வீரர்கள் மீன் தின்பதே பட்டினிக்கு அடையாளம். கடைசியில் தொடக் கூடாத மாட்டைக் கொல்கிறார்கள், அதனால் அழிகிறார்கள். அவர்களை அழிக்கும் புயல் பிறகு சில வரிகளில் வந்து போய்விடுகிறது. கதையின் கனமெல்லாம் அந்த ஒரு மாதத்தில், கரையில் சும்மா உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது.

இன்றைக்கும் கிரேக்கத் தீவுகளில் பாய்ப்படகில் சுற்றுகிறவர்கள் கோடையில் மெல்டெமி என்ற வடகாற்றுக்கு மாட்டுகிறார்கள். வானம் பளிச்சென்று இருக்கும், மேகமே இருக்காது, காற்று மட்டும் நாள்கணக்கில் விடாது. ஏதாவது ஒரு துறையில் நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பணக்காரப் பொழுதுபோக்கானாலும் அந்தக் காத்திருப்பில் மாற்றமில்லை. ரயிலில் இதைப் படித்தபோது நண்பனின் பத்து நாள்தான் நினைவுக்கு வந்தது. கடலை அறிந்த பிரதி எது என்று கேட்டால், காத்திருப்பை அறிந்த பிரதி என்று சொல்லத் தோன்றியது.

*

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பாட்டுக்கு வந்தேன். எங்கள் ஊர் என்று சும்மா சொல்லவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான 'சிறுபாணாற்றுப்படை'யின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில்தான் இன்று திண்டிவனத்துக்குள் இருக்கும் கிடங்கல். பாட்டில் வருகிற எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே இருக்கும் கடற்கரைப் பட்டை. ஆக, 269 அடிப் பாட்டின் முக்கியமான வழி ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

பரிசு பெற்று வந்த பாணன் பசியோடு இருக்கும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். முதலில் எயிற்பட்டினம். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணக்கும் மரக்கட்டைகள் ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோலக் கிடக்கின்றன. நுளையர் வீட்டுப் பெண் அந்தக் கட்டையை விறகாக எரிக்கிறாள். கள் தருகிறார்கள், சுட்ட குழல்மீன் தருகிறார்கள். ஹோமரில் பட்டினியின் சாப்பாடான மீன் இங்கே விருந்து. அதிலேயே இரண்டு கரைகளின் வித்தியாசம் தெரிகிறது. பிறகு பாணர் உள்நாட்டுக்குத் திரும்பி வேலூர், ஆமூர் என்று நடந்துவிடுகிறார்கள். கடல் முடிந்தது.

அந்தக் கட்டையில் நான் நின்றுவிட்டேன். வாசனை மரம் இந்தக் கரையில் விளைவதல்ல. எங்கேயோ கப்பலில் ஏற்றியது, எங்கேயோ கவிழ்ந்தது அல்லது பாரம் குறைக்கத் தூக்கிப் போட்டது என்று ஊகிக்கலாம். இது என் வாசிப்புதான், பாட்டு அப்படிச் சொல்லவில்லை. கரையில் இருக்கும் கண்ணுக்கு அது விறகு. அந்த விறகுக்குப் பின்னால் இருக்கக்கூடிய கடல்பயணம் பாட்டுக்கு வெளியே கிடக்கிறது.

அந்த வெளிப்பக்கத்தை எழுதியவன் ஒருத்தன் இருக்கிறான். பேர் தெரியாத கிரேக்க மாலுமி, கி.பி. முதல் நூற்றாண்டில் 'பெரிப்ளஸ்' என்ற வழிக்குறிப்பை எழுதினான். நம் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறான். கரையோரமாகவே ஓடும் உள்ளூர்ப் படகுகளைச் சொல்கிறான், மரங்களைச் சேர்த்துக் கட்டிய சங்கரா என்ற பெரிய கலத்தைச் சொல்கிறான், கங்கைக்கும் கிழக்கே பொன்னாட்டுக்கும் போகும் இன்னும் பெரிய கலங்களைச் சொல்கிறான். பொதுகே என்பது அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது சோப்பட்டினம், அதாவது எயிற்பட்டினம் என்றும் கருதுகிறார்கள். சோ என்றாலும் எயில் என்றாலும் மதில்தான். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் கிடைத்த மது ஜாடி ஓடுகளில் கோஸ் தீவுப் பாணி ஜாடிகளும் உண்டு. கோஸ் மத்தியதரைக் கடலின் கிழக்கு ஓரத்துத் தீவு. அதன் மதுவில் கடல் தண்ணீர் கலப்பார்கள். மெல்டெமிக்குக் காத்திருந்த துறையிலிருந்து எங்கள் பஸ் தூரத்துக்கு ஒரு ஜாடி வந்து சேர்ந்திருக்கிறது.

பெரிப்ளஸுக்கு இங்கே மனிதர் இல்லை. மீன் சுட்டுக் கொடுத்தவள் இல்லை. துறையும் கலமும் சரக்கும்தான். சிறுபாணாற்றுப்படைக்கு மனிதர் உண்டு, பயணம் செய்யும் கடல் இல்லை. ஒரே கரையை இரண்டு பேர் எதிரெதிராக நின்று பார்த்திருக்கிறார்கள்.

இதற்காக நத்தத்தனாரைக் குறை சொல்வது அநியாயம். ஆற்றுப்படை நடக்கிறவனின் இலக்கியம், கடற்கரை அதன் ஒரு நிறுத்தம். காற்றை அறிந்த பாட்டே சங்கத்தில் இல்லை என்றும் சொல்ல முடியாது. புறநானூறு 66இல் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோன் ஒருவனைக் காற்றை வேலை வாங்கிக் கப்பல் விட்டவன் என்கிறார். ஆனால் அங்கேயும் காற்று அரசனின் வேலைக்காரன். காத்திருப்பதோ, நம் மரபில் நெய்தலின் உரிப்பொருளே இரங்கல். கரையில் நிற்கும் பெண்ணின் காத்திருப்பு நம்மிடம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. கலத்தில் போனவன் எந்தக் காற்றுக்காக எங்கே உட்கார்ந்திருந்தான் என்பதுதான் நம்மிடம் குறைச்சல்.

*

பெராரும் பிராட்ஃபோர்டும் செய்ததை நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது. 2025 ஆடி தொடக்கத்தில் நண்பன் வீட்டு ஃபைபர் படகில் என்னைக் கூட்டிப்போகச் சம்மதித்தார்கள். நண்பன், அவன் அண்ணன், அவர்கள் அப்பா, நான். எயிற்பட்டினத்தைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும், வடக்கே ஆலம்பரைக் கோட்டை வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது திட்டம்.

விடியும் முன் கிளம்பினோம். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. அந்தக் காலத்தில் பாய் கட்டிய கட்டுமரங்கள் இந்த விடியல் காற்றில் வெளியே போய், மதியம் கடலிலிருந்து திரும்பும் காற்றில் கரைக்கு வரும் என்று அப்பா சொன்னார். "திரும்புற காத்து வரலன்னா?" என்றேன்.

"வரலன்னா நிக்க வேண்டியதுதான் தம்பி. கச்சான் விடாம அடிச்சா கரை தூரமா போயிக்கிட்டே இருக்கும். பாத்துக்கிட்டே இருக்கலாம்."

கொஞ்ச தூரத்தில் ஊர் காணாமல் போனது. உப்பளம் இல்லை, கோயில் இல்லை, பஸ் ஸ்டாண்டு இல்லை. பனை வரிசை ஒரு கோடு, அதற்கு மேல் ஒன்றிரண்டு செல்ஃபோன் டவர். டவரும் ஒரு குறிப்பிட்ட பனைக்கூட்டமும் ஒரே நேர்கோட்டில் வந்தால் அதற்கு நேர் கீழே அவர்கள் குப்பம். பெரிப்ளஸ் எழுதியவனுக்கு ஏன் எங்கள் மனிதர்கள் தெரியவில்லை என்று அப்போது புரிந்தது. அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. இங்கிருந்து பார்த்தால் கரையில் யாருமே தெரியமாட்டார்கள்.

ஆலம்பரைக்குப் பக்கத்தில் வரும்போது கச்சான் செத்து, தெற்கிலிருந்து சோழகம் கிளம்பியது. நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது என்றார் அப்பா. கடல் நொறுங்கினாற்போலச் சின்னச் சின்னதாக எழும்பத் தொடங்கியது. திரும்ப வேண்டிய திசையும் தெற்குதான். "எதுத்து ஓட்டுனா எண்ணெய் பத்தாது" என்று சொல்லி முகத்துவாரத்துக்குள் படகை விட்டார். கோட்டையின் உடைந்த சுவருக்குக் கீழே மணலில் இறங்கினோம். அது இடைக்கழிநாட்டு மண், நத்தத்தனாரின் ஊர்ப்பக்கம்.

அங்கே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எழுத எதுவும் நடக்கவில்லை. சுட்ட மீன் எல்லாம் இல்லை, தூக்குவாளியில் பழைய சோறும் ஊறுகாயும்தான். அப்பா பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் ஓரம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். மூத்தவன் டீசல் கணக்கு, கடன் கணக்கு, அன்றைக்குப் போடாத வலையின் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கூட்டிவந்ததால் ஒரு நாள் தொழில் போயிற்று என்பதை யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மணிக்கு மேல் அப்பா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, "இப்ப போலாம்" என்றார். எனக்குக் காற்றில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் வழியில் அலை பாதியாகியிருந்தது.

*

வீட்டுக்கு வந்து ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை மறுபடி எடுத்தேன். 1972இல் வந்த நாவல். தொங்கான் புயலில் சிக்கும் அத்தியாயத்தை எல்லோரும் புகழ்வோம், நானும் புகழ்ந்திருக்கிறேன். என் கதையே அதற்கு மோசமான நகல்தான். சிங்காரம் மீனவரல்ல, சிங்கம்புணரியிலிருந்து பிழைக்கப் போய் மெடானில் வேலை பார்த்தவர். அப்படியானால் அவரால் முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை? அவர் புயலை வர்ணிக்கவில்லை. மேல் கீழ் குழம்பிப்போவது அவருடைய வாக்கியத்துக்குள்ளேயே நடக்கிறது. அதைவிட முக்கியம், அந்தப் புயல் எதற்கும் உருவகமாக இல்லை. பிழைக்கப் போனவர்கள் ஓட்டைப் பிழைப்பின் நடுவில் வந்த ஒரு இடைஞ்சல் அது. கடந்ததும் அடுத்த வேலைக்குப் போகிறார்கள். நான் என் புயலை என் நாயகனின் மனநிலைக்காக வரவழைத்தேன். அதனால்தான் அதற்குத் திசை தேவைப்படவில்லை.

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. கட்டுமரத்தோடு கடலில் தத்தளிக்கும் மூன்று பேரின் காத்திருப்புதான் நாவலின் முதுகெலும்பு. அவர்கள் மிதந்துகொண்டிருக்கும்போதே ஊரின் மூன்று தலைமுறை ஓடுகிறது. கரை காத்திருக்கும், கலம் போகும் என்ற நம் பழைய ஏற்பாட்டை அவர் புரட்டிப் போட்டுவிட்டார்: கலம் காத்திருக்கிறது, கரை ஓடுகிறது. அடுத்து வந்த 'கொற்கை' (2009) தூத்துக்குடித் தோணிகளின் பெரிய வரலாறு, 2013இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. ஆனால் அதில் ஆட்களும் வருஷங்களும் பெருகப் பெருக காற்று பின்னால் போய்விடுகிறது என்பது என் அபிப்பிராயம். தகவல் கூடக் கூடக் கடல் நெருங்கிவிடும் என்பதில்லை.

இப்போது இணையத்தில் கடல் கதைகள் நிறைய வருகின்றன. பெரும்பாலும் என்னை மாதிரி உள்நாட்டு ஆட்கள் எழுதுவது. அதில் தப்பில்லை, பிறந்த ஊரைப் பார்த்து யாரும் எழுதவில்லை. தப்பு எங்கே என்றால், அவற்றில் முக்கால்வாசி புயலில் தொடங்கி மரணத்தில் முடிகின்றன. வாசகனாக ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொள்கிறேன்: இந்தக் கதையில் யாராவது, எப்போதாவது, காற்று மாறட்டும் என்று வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களா? இருந்தால் எழுதியவருக்குக் கடலோடு ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது. இல்லாவிட்டால் அந்தப் புயல் எழுதும் மேஜையிலிருந்து அடிக்கிறது.

என் கதையைத் திருத்தப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் வேறாக எழுதினேன். புயல் இல்லை, சாவு இல்லை. முகத்துவாரத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கடன் பேசுகிறார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார்கள். இன்னும் எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. நண்பனுக்கு மட்டும் அனுப்பினேன்.

"காத்து சரியாத்தான் இருக்கு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் வாங்கின கடன் தொகைய மட்டும் மாத்திடு. ஊருல படிப்பாங்க" என்றான்.

மாற்றிவிட்டேன்.